குமிழி ஊதும் முன்னே

ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க தேறியிருக்காங்களான்னு மார்க் போடுறது என் வேலை. இங்க குறைபாட்டுக்குத்தான் மார்க், அது குறைஞ்சாதான் சந்தோஷம். அளந்து சொல்ற தொழில்ல மாட்டிக்கிட்ட உங்களுக்கு என் பாடு புரியும்.

என் கையெழுத்து

பெரம்பலூர்ல நான் போடுற மார்க்கை அரியலூர் சென்டர்ல செந்தில் சார் சரிபார்ப்பார். எந்த மாசம் எடுத்ததுன்னு சொல்லாம வீடியோக்களைக் கலைச்சுக் கொடுப்பார். ஒரு தடவை அஞ்சு வயசு சஃப்ரினோட வீடியோவுக்கு முப்பத்தொண்ணு போட்டேன். அதே வீடியோவுக்கு நான் ஏற்கெனவே போட்ட தாளை எடுத்து வச்சார். இருபத்து மூணு. கையெழுத்து என்னோடதுதான், போட்ட ஞாபகம் துளிகூட இல்ல. அவர் சிரிக்காம கேட்டார்: "இதுல எந்தக் கவிதாவை நம்புறதுங்க?"

பொம்மை இல்லாத மேசை

ஆறு மாசப் பயிற்சி முடிஞ்சு சஃப்ரினை லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து அவங்கம்மா நூர்ஜகான் கூட்டிட்டு வந்தாங்க. மார்க் இருபதுக்குக் கீழ வந்தா பயிற்சியை நிறுத்திட்டு ஒண்ணாம் வகுப்புல சேர்க்கலாம். துபாய்ல இருக்கிற புள்ளையோட அத்தா அந்தச் சேதிக்காகக் காத்துக்கிட்டு இருந்தார்.

சோதனைச் சாமான் பெட்டியைத் திறந்தேன். நான் சோப்புக் குமிழி ஊதும் முன்னாடியே புள்ள "இன்னும் வேணும்"னு சொல்லிடுச்சு. பேரைக் கூப்பிட வாயெடுத்தேன், அதுக்குள்ள திரும்பிடுச்சு. அடுத்த சோதனை பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுறது, பொம்மையை நான் வெளிய எடுக்கவே இல்ல. வெறும் மேசையைப் பார்த்துப் பிறந்தநாள் பாட்டுப் பாடி, காத்துக்குக் கேக் ஊட்டிச்சு. கூட்டிப் பார்த்தேன், பதினொண்ணு. சந்தோஷப்பட வேண்டிய நான் மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். நூர்ஜகான் பெருமையாச் சொன்னாங்க: "நீங்க வச்சிருக்கிற சாமானையே கடை கடையாத் தேடி வாங்கி, வூட்டுல தினம் ரெண்டு வேளை இதே வரிசையில பழக்குறேங்க மேடம்."

நாற்காலி மாறினப்ப

பெட்டியை மூடிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டா, இந்தப் பெட்டி இல்லாத வகுப்புல புள்ள திக்குத் தெரியாம நிக்கும். போடலைன்னா இந்தம்மா உடைஞ்சு போவாங்க. சஃப்ரின் எழுந்து வந்து என் நாற்காலியைப் பிடிச்சு இழுத்துச்சு. நான் விலகினதும் அதுல உட்கார்ந்து என் சிரிப்பையே சிரிச்சுச்சு. "சஃப்ரின்"னு என்னைக் கூப்பிட்டுச்சு, என் குரல்லயே. நான் செய்யுற மாதிரியே அஞ்சு எண்ணுற நேரம் காத்திருந்து மறுபடி கூப்பிட்டுச்சு. பயத்துல எனக்கு நாக்கு எழும்பல. பென்சிலை எடுத்துத் தாள்ல ரெண்டுன்னு எழுதிச்சு. எங்க கணக்குல ரெண்டுன்னா, கூப்பிட்டதுக்குப் பதில் இல்லன்னு அர்த்தம்.

பதினொண்ணை அடிச்சுட்டு, பயிற்சி தொடரட்டும்னு எழுதினேன். நூர்ஜகான் அழல. தாளையே பார்த்துக்கிட்டு இருந்தவங்க மெதுவாக் கேட்டாங்க: "அப்ப இந்த ஆறு மாசமா எம் புள்ள உங்களைத்தான் படிச்சிருக்காளா மேடம்?"

இத்தனை வருஷத்துல எங்க பெரம்பலூர் சென்டர்ல போட்ட மார்க்குலயே, எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாலும் மாறாம நிக்கிறது அந்தப் புள்ள எனக்குப் போட்டது ஒண்ணுதான்.