பதுங்குகுழியில் ஆண்டவரைத் திட்டினேன்

அன்பான சபையாரே, இந்தத் தாமஸ் டெய்லர் சாட்சி எழுதுகிறான் என்றதும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு ஏஜென்ட் வந்தான். "வெளிநாட்டுப் பட்டாளத்துக்கு யூனிபார்ம் தைக்கிற வேலைங்ண்ணா. ரூமெல்லாம் ஹீட்டருங்க" என்றான். பனியன் கம்பெனியில் ஒரு தையல் கோணினால் ஊரைக் கூட்டுகிற நான், புரியாத எழுத்தில் இருந்த ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

"ஏனுங்க, அதுல என்ன போட்டிருக்குதுன்னு கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி எஸ்தர்.

"உனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அங்கே போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். பனி மூடிய மண்ணில் வெட்டிய பதுங்குகுழி. எதிரியின் குழி கூப்பிடு தூரம். மாதக்கணக்காக இரண்டு பட்டாளமும் ஓரடி நகராமல் செத்துக்கொண்டிருந்தன. பிணம் எடுக்கப் போனவர்களும் பிணமாக நடுவில் கிடந்தார்கள். ட்ரோன் சத்தம் கேட்டால் தலைக்கவசத்தைக் கழற்றி வயிற்றில் அமுக்கிக்கொள்வேன். அவ்வளவு பெரிய வீரன்!

பக்கத்தில் சந்தன். பீகார்க்காரன், நம்ம ஊர்ப் பக்கம் மங்கலத்தில் தறி ஓட்டித் தமிழ் கற்றவன். அதே ஏஜென்ட்தான் அவனையும் அனுப்பியிருந்தான். "அண்ணா, நீ நடுங்குறதுல மண்ணு கொட்டுது, ஆடாதே!" என்பான்.

ஒரு காலையில், மதியம் எல்லாரும் முன்னால் ஓட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சந்தனின் குண்டு துளைக்காத கவசத்தில் பட்டை பிய்ந்து தொங்கியது. என்னிடம் ஊசி இருந்தது. தைத்துக்கொண்டே ஆண்டவரைத் திட்டினேன்.

"ஜெபம் பண்ணிட்டுத்தானே வந்தேன்? உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா? என்னைய இங்கிருந்து எடுங்க!"

திட்டும்போதும் 'ங்க' போகவில்லை.

"எனக்கும் சேத்துச் சொல்லு அண்ணா" என்றான் சந்தன். சொன்னேன்.

அந்த வழியாக வந்த அதிகாரி பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. என்னைப் பின்னால் போகச் சொல்லிச் சைகை காட்டினார். கிழிந்த கவசங்களைத் தைக்க ஆள் வேண்டுமாம். என்னை மட்டும். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

மூன்றாம் நாள் தைக்க வந்த குவியலில் அந்தக் கவசம் இருந்தது. என் தையல் எனக்குத் தெரியாதா? துணியெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. பட்டை பிரியவே இல்லை.

பிறகு தூதரகத்தார் என்னை மீட்டு அனுப்பினார்கள். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் "உங்க விசுவாசம் பெருசுங்க" என்று யாராவது கையைப் பிடித்தால் எரிகிறது. ஒரே வாயால் இரண்டு பேருக்குக் கேட்டேன். ஒருவன்தான் வந்தேன். ஏன் என்று இன்றும் அவரிடம் சண்டை போடுகிறேன். அவர் என்னைத் தள்ளிவிடவில்லை.

நீங்களும் அவரிடம் போங்கள். கோபமிருந்தால் கோபத்தோடே போங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நிற்பேன். வெளிநாட்டு வேலைக் காகிதம் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் காட்டுங்கள். எஸ்தர் கேட்டதைத்தான் நானும் கேட்பேன்.