தெப்பத்தில் தொங்கிய ஆம்ப்ளிஃபையர்

எங்கள் ஊர்க் கோயில் தெப்பம் தோல் தொழிற்சாலைகளின் காலி டிரம்களின் மேல்தான் மிதக்கும். டிரம்களைக் கழுவி, வாயை அடைத்து, மேலே பலகை பரப்புவார்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், வடக்கு மூலையில் திரும்பும்போது தெப்பம் சாய்ந்தது. பலகைமேல் சும்மா வைத்திருந்த ஆம்ப்ளிஃபையர் வழுக்கிக் குளத்துக்குள் போய்விட்டது. அன்று மீதிச் சுற்றுக்குக் கரையில் இருந்தவர்களுக்கு நாதஸ்வரம் கேட்கவில்லை.

மைக் செட் போட்டவர் என் பள்ளித் தோழர். ஊருக்கே அவர் பாய். அவருடைய அப்பா காலத்திலிருந்து கோயிலுக்கு அவர்கள் செட்தான். மறு வருடம் வேலூரிலிருந்து வரவழைக்கலாம் என்று தர்மகர்த்தா சொன்னபோது, இந்த ஒரு முறை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"பஜார்ல நடக்க முடியல தோஸ்து. இன்னா பாய், மீனுங்க பாட்டு கேக்குதான்றானுங்க. இந்த வாட்டியும் நின்னுச்சின்னா கோயில் நமக்கு இல்ல."

நான் தோல் தொழிற்சாலையில் பினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். இருவரும் சேர்ந்து ஒரு ரேக் செய்தோம். ஆங்கிள் இரும்பில் சட்டம். அடியில் கார் பேட்டரி. அதற்கு மேல் ஆம்ப்ளிஃபையர் வைத்த மரப்பெட்டி, நான்கு மூலையிலும் வார் கட்டி, சட்டத்தின் உச்சியில் ஒரே கொக்கியில் தொங்கியது. சட்டம் சாய்ந்தாலும் பெட்டி சாயாது. பெட்டிமேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் சட்டத்தைச் சாய்த்துப் பார்த்தோம்; சிந்தவில்லை. வார்களைக் கெட்டியான எருமைத் தோலில் ஒரே அகலத்தில் நானே வெட்டியிருந்தேன். எதைக் கட்டுவதென்றாலும் எங்கள் கை முதலில் தோலுக்குத்தான் போகும்.

தெப்பத்தன்று மாலை ரேக்கை ஏற்றப்போனோம். குருக்கள் குனிந்து பார்த்தார்.

"தோலா இது? சுவாமி எழுந்தருள்ற இடத்துல ஏறப்படாது."

பாய் வார்களை அவிழ்க்கக் கீழே உட்கார்ந்துவிட்டார். ஏற்கெனவே தெப்பத்தில் இருந்த தவில்காரர்தான் வாய் திறந்தார்.

"அப்ப நான் தவில இங்கயே வெச்சிட்டுக் கையத் தட்டினு போவட்டா சாமி?"

"அது வாத்தியம் ஓய். இது மூட்டை கட்ற வாரு."

பாய் இரண்டாவது முடிச்சை அவிழ்த்தார். குருக்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கோயிலுக்குள் போனார். பல்லக்குக் கட்டும் பருத்திக் கயிற்றுச் சுருள் ஒன்றோடு திரும்பி வந்தார்.

"இத வெச்சுக் கட்டு பாய். சுவாமியையே தாங்கினது."

கயிறு இழுபடும் என்று எனக்குக் கவலை. நனைத்து முறுக்கிக் கட்டினேன். பெட்டியின் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பாய் தெப்பத்தில் ஏறுவதில்லை; குளத்துப் படிமேல், தெப்பத்துக்கு நேராக, கூடவே நடந்து வந்தார். வடக்கு மூலையில் டிரம்கள் ஒரு பக்கம் அமுங்கின. என் கை பெட்டிக்குப் போயிற்று. பெட்டி நேராகத்தான் தொங்கியது. நாதஸ்வரம் அறுபடவில்லை. பாய் படியில் நின்று கைக்குட்டையால் முகம் துடைத்தார்.

கடைசிச் சுற்று முடிந்து தெப்பம் கரை சேர்ந்தது. ரேக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தர்மகர்த்தா குறுக்கே வந்தார்.

"இவ்ளோ கனத்த எங்க தூக்கினு போற பாய்? வாகனம் வெக்கிற ரூம்ல வெச்சிட்டுப் போ. அடுத்த வருசம் வந்து எடுத்துக்க."