யாருக்கும் பேதி இல்லை

பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் ஹைதராபாத்தின் தெற்கு ஓரத்தில், ஒரு காலி மனையில், தார்ப்பாய்க் கூடாரம் போட்டிருந்தார்கள். முதல் மழையோடு அங்கே வாந்திபேதியும் வந்தது. ஒரு தொண்டு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த நான் தினமும் உப்பலில் இருந்த என் வீட்டிலிருந்து போய்க் கூடாரம் கூடாரமாக விசாரிப்பேன். வீடு திரும்பியதும் என் கைக்குழந்தையைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். எவ்வளவு தேய்த்தும் பயம் போகாது.

திடீரென்று ஒரு காலையில் எந்தக் கூடாரத்திலும் நோயாளி இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் "சப் டீக்", எல்லாம் நலம் என்றார்கள். எங்கள் டாக்டருக்கு வாயெல்லாம் பல். என் கண்ணோ துணிக்கயிறுகள் மேல் போனது. குடிக்கிற தண்ணீருக்கே லாரியைச் சுற்றி முட்டி மோதும் இடத்தில், கயிறு முழுக்கக் குழந்தைத் துணிகள் துவைத்த ஈரத்தோடு தொங்கின. பேதி நின்றிருந்தால் இத்தனை துணி எதற்கு?

ஒரு கூடாரத்தில் போர்வைக் குவியல் அசைந்தது. விலக்கினேன். சின்னப் பெண் குழந்தை. கண் குழிவிழுந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. அம்மா பாய்ந்து வந்து வாரி அணைத்துக்கொண்டாள்.

"நக்கோ பாஜி, வேண்டாம் அக்கா," என்றாள், இங்கே வந்து பழகிய அரைகுறை உருதுவில். "எங்க ஊர்ல காக்கி போட்டவங்க ஆஸ்பத்திரிக்குன்னு கூட்டிட்டுப் போனா யாரும் திரும்பி வர்றதில்ல."

முந்தின நாள் எங்கள் டிரைவர், காக்கிச் சட்டையில், இரண்டு பேரை வேனில் ஏற்றிப் போயிருந்தார். அவர்களுக்கு இன்னும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இங்கே அது யாருக்குத் தெரியும்?

"நீயும் கூட வா. பத்திரமா திரும்பக் கொண்டுவந்து விடுறேன்."

"உனக்குக் குழந்தை இருக்கா?"

"இருக்கு. பொண்ணு."

"அவளை இங்க விட்டுட்டு என் பொண்ணைக் கூட்டிட்டுப் போ."

அந்தக் கூடாரத்தில் என் மகளை ஒரு நிமிடம்கூட விடமாட்டேன் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். குழந்தையின் நாடி என் விரலுக்குச் சிக்காமல் நழுவிக்கொண்டிருந்தது. இன்னும் பேசிக்கொண்டிருந்தால் அம்மா மடியிலேயே போய்விடும்.

வெளியே ஓடி, டிரைவரிடம் சட்டையைக் கழற்றச் சொன்னேன். அவர் இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த, ஊர் உருது கலந்து பேசும் தமிழர்.

"கைக்கு மேடம், எதுக்கு? சட்டை என்ன பண்ணுச்சு?"

"அதைப் பார்த்துதான் பிள்ளைங்களை ஒளிச்சு வெச்சிருக்காங்க. கழட்டுங்கண்ணா."

முனகிக்கொண்டே கழற்றிச் சீட்டுக்கு அடியில் திணித்தார். பனியனும் தொப்பையுமாக நின்றவரைப் பார்த்து யாரும் பயப்பட முடியாது. அம்மா குழந்தையோடு ஏறினாள். மருத்துவமனை வாசலில் இன்னொரு காக்கி, வாட்ச்மேன். அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே நடத்திக்கொண்டு போனேன்.

குழந்தை பிழைத்தது. மறுநாள் மாலையே வேனில் திரும்பக் கொண்டுவந்தோம். டிரைவர் யாரும் சொல்லாமலே பனியனில் இருந்தார். குழந்தை பிஸ்கட்டும் கையுமாக இறங்கித் தன் கூடாரத்துக்கு நடந்ததை எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

பிறகு ஒரு கூடாரத்திலிருந்து ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த கூடாரத்திலிருந்து இன்னொருத்தி. அதற்கடுத்ததிலிருந்தும். எங்கள் வேனில் அத்தனை பேருக்கு இடமில்லை.