தொட்டித் தண்ணீருக்கு இரண்டு ஆள்

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அந்தக் குழாய் தொங்குகிறது. உள்ளே ஓடுவது தெரிகிற, விரல் தடிமனான பிளாஸ்டிக் குழாய். வாங்கியபோது கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது உள்பக்கம் லேசாகப் பாசி பிடித்து, என் மூக்குக்கண்ணாடியைப் போலவே மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை எடுப்பேன். என்னிடம் வாரம் தவறாமல் வேலை வாங்கும் ஒரே உறவு இன்றைக்கு அதுதான்.

வாங்கியவர் சார். எங்கள் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ். என்னைவிட ஒரு வயது சின்னவர்தான். ஆனால் கம்பெனியில் பழகிய வாய் வீட்டிலும் அடங்கவில்லை. அவர் லுங்கியோடு பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் எனக்கு சார்தான். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம், குடும்பம் அங்கே. எனக்குக் குடும்பமே இல்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவனை பேச்சிலர் என்று சொல்லி வீடு மறுக்கும்போது கோபம் வராது, கொஞ்சம் இளமையாகக்கூட உணரலாம். பென்னலூரில் எங்கள் இருவரையும் நம்பிக் கீழ் போர்ஷனைக் கொடுத்தவர் மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா.

ஒரே வீட்டில் இருந்தோமே தவிர, பார்த்துக்கொண்டது குறைவு. அவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது நான் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பேன். அவர் போட்டுவைத்த டீ ஃபிளாஸ்க்கில் இருக்கும், நான் வாங்கிவைத்த பன் தட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் எதிரெதிரே உட்கார்வோம். பேச ஒன்றும் இருக்காது.

அந்தக் குறையைத் தீர்த்தது மீன் தொட்டி. கம்பெனி ரிசப்ஷனைப் புதுப்பித்தபோது பழைய தொட்டியை ஸ்கிராப்புக்கு அனுப்பினார்கள். உள்ளே மூன்று தங்கமீன்கள் உயிரோடு இருந்தன. சார் கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியே போகும் பொருள் திரும்பி வருமா, வராதா என்று கேட் பாஸில் எழுத வேண்டிய செக்யூரிட்டி, "மீனு திரும்பி வருமா சார், வராதா? பாஸ்ல இன்னா போட?" என்று நிஜமாகவே கேட்டார்.

முதல் ஞாயிறு நாங்கள் செய்த காரியத்தை ஃபேக்டரிக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆடிட்டுக்கு மெஷினைத் துடைப்பதுபோல் தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, கூழாங்கல்லைச் சோப்புப் போட்டு அலசி, ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து வெள்ளையாக்கி, மாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்து வெந்நீர் மாதிரி இருந்த தண்ணீரை நிரப்பினோம். பளபளவென்று இருந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு மீன்கள் மிதந்தன. சுங்குவார்சத்திரத்து மீன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார், மீனு வளக்கிறீங்களா, பாத்திரம் வெளக்குறீங்களா? மூணுல ஒரு பங்கு தண்ணிய மட்டும் எடுங்க. மீதி அதுக்குப் பழகுன தண்ணி, அது கெடக்கட்டும். பஞ்சை அந்தத் தண்ணியிலயே அலசுங்க. புதுத் தண்ணிய மொத நாளே பக்கெட்டுல புடிச்சு ஆற வுடுங்க."

திரும்பி வரும்போது சார் வாங்கியதுதான் அந்தக் குழாய். ஒரு முனை தொட்டிக்குள், மறு முனை பின்பக்கப் படிக்குக் கீழே, வீட்டுக்கார அம்மாவின் வாழையடியில். முதல் தடவை வாயால் உறிஞ்சித் தண்ணீரை இழுத்தேன். அந்த ருசியை இங்கே எழுத வேண்டாம். பிறகு குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைக்கக் கற்றுக்கொண்டோம். வாழையடியில் நிற்பவனுக்குத் தொட்டி தெரியாது. அதனால் சார் உள்ளே தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நிற்பார், நான் வெளியே குழாயைப் பிடித்து நிற்பேன்.

"விடும் வே!"

"வுட்டாச்சு சார்!"

"நிறுத்தும் வே, நிறுத்தும்! மீனு என்னைய மொறைக்கு!"

மாடியிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பார். "இன்னா சார், வாராவாரம் சண்டையா?" எங்கள் வீட்டில் சண்டை போடும் அளவுக்கு ஆள் இருப்பதாக அவர் நினைத்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

போன வருஷம் சாருக்கு ஊர்ப் பக்கமே வேலை கிடைத்தது. மனைவி, பிள்ளைகளோடு இருக்கப் போகிறார், வேறென்ன வேண்டும்? பை எல்லாம் கட்டியபின் தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். "பஸ்ல கொண்டுபோனா செத்துரும் வே. நல்ல வீடா பாத்துட்டு, கார் எடுத்துக்கிட்டு நானே வந்து தூக்கிக்கிடுதேன். அதுவரைக்கும் பாத்துக்கிடும்." எனக்கு அதில் ஒன்று மட்டும்தான் காதில் விழுந்தது. அவர் வருவார். மீன் இருக்கும்வரை வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு குழாயை மாட்டிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். வாழைக்குக் காட்டினேன், கருவேப்பிலைக்குக் காட்டினேன். தண்ணீர் நன்றாக வந்தது. நான் எப்போதும்போல் குரலுக்காகக் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே யாரும் இல்லை என்பது நினைவிலேயே இல்லை. மாடியிலிருந்து அம்மாதான் கத்தினார்.

"இன்னா சார், வாழை முங்கிப்போச்சே! உள்ள ஆள் இல்லியா?"

ஓடினேன். இரண்டு விரற்கடைத் தண்ணீரில் மீன் ஒருக்களித்துக் கிடந்தது, செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஆறவைத்த தண்ணீர் ஒரு பக்கெட்தான் இருந்தது. அதைக் குவளை குவளையாக ஊற்றினேன். அம்மா கேட்காமலே தன் வீட்டுப் பானைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஊற்றும்போது நான் மீனிடம் பேசினேன் என்று அவர் பிறகு சொன்னார். என்ன பேசினேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அது நிமிர்ந்து ஒரு சுற்றுச் சுற்றியபின்தான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

அதன்பின் ஒரு வழி கண்டுபிடித்தேன். குழாயின் முனையை ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலில் கட்டி, மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் நிற்கும்படி தொட்டி விளிம்பில் கிளிப் போட்டேன். கூழாங்கல்லை லேசாகக் கிளறி அழுக்கை எழுப்பிவிட்டால் போதும். மட்டம் அதுவரை இறங்கியதும் முனையில் காற்று ஏறி ஓட்டம் தானாக நின்றுவிடும். பெருமையாகச் சாருக்குப் போன் செய்தேன்.

"அப்ப நான் வேண்டாம்னு சொல்லுதீரு," என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். பின்னால் அவர் மகள் "அப்பா, சோறு!" என்று கூப்பிடுவது கேட்டது. "வாரேன் வே, அடுத்த மாசம் கண்டிப்பா வாரேன்," என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பல அடுத்த மாதங்கள் வந்துவிட்டன. சார்தான் வரவில்லை. மீன் மட்டும் கையகலம் வளர்ந்திருக்கிறது. இனி பஸ்ஸில் மட்டுமல்ல, காரிலும் சிரமம்தான்.

இன்று ஞாயிறு. ஆணியிலிருந்து குழாயை எடுத்து, கிளிப்பை மாட்டி, வாழையடியில் நின்றேன். தண்ணீர் ஓடியது. மட்டம் இறங்கியதும் குழாய் கொடகொடவென்று ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

"சரி சார்," என்றேன்.