இன்ஜின் சூடு என்றே நினைத்திருந்தோம்

அண்ணன் தன்னுடைய காக்கி பேண்ட்டைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையைக்கூடத் துவைக்கச் சொல்லி அண்ணியிடம் போட்டுவிட்டுப் போகிற மனிதர், பின்பக்கக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து சோப்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். பால்காரர் அப்போதுதான் வந்துவிட்டுப் போயிருந்தார். கடலூரில் அவர் வீடு முன்பக்கம், என் வீடு பின்பக்கம். இரண்டுக்கும் குழாய் ஒன்றுதான். நான் குடத்தோடு போய் நின்றதும் பேண்ட்டை வாளிக்குள் அமுக்கினார். வாளித் தண்ணீர் வெற்றிலைச் சாறு கலந்த மாதிரி சிவந்திருந்தது. "இன்னாண்ணா இது?" என்றேன். "ஒண்ணுமில்ல பாப்பா, சீட்டு சூடு. அண்ணிகிட்ட போய் எதனா ஒளறி வெக்காத" என்றார். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. இருந்தாலும் அவருக்கு நான் பாப்பாதான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அண்ணன் டிரைவர். அந்தக் காலத்து பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்திலேயே இன்ஜின் இருக்கும். சித்திரை வெயிலில் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் சீட்டு தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும் என்பார். டிரைவர்கள் எல்லோரும் ஈரத் துண்டை நாலாக மடித்துப் போட்டுத்தான் உட்காருவார்கள். ஒரு நடை போய்வந்து அடுத்த நடை எடுப்பதற்குள் டீ குடிக்கத்தான் நேரம் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார். அடக்கிக்கொண்டு ஓட்டுவது அந்தத் தொழிலில் ஒரு பெருமை. சாப்பாடு மூன்று மணிக்கு, சில நாள் ஐந்து மணிக்கு, பெரும்பாலும் பரோட்டா. இப்படி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்காவது எப்போதாவது இரத்தம் போகும். போனால் அதற்கு ஒரே பெயர்தான், இன்ஜின் சூடு. அதை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் காய்ப்பு வருகிற மாதிரி, பின்னால் இது வரும், அவ்வளவுதான்.

அதற்கு வைத்தியமும் அவர்களிடமே இருந்தது. துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் தின்னச் சொல்வார் ஒருவர். கருணைக்கிழங்கு மசியல் செய்யச் சொல்வார் இன்னொருவர். ஊறவைத்த வெந்தயத்தை மோரில் போட்டுக் குடிக்கச் சொல்வார் மூன்றாமவர். அண்ணன் எல்லாவற்றையும் செய்தார். செய்தால் சில வாரம் இரத்தம் நிற்கும், நின்றதும் வைத்தியம் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அது தானாகவே நின்று தானாகவே வரும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நானும் துத்தி இலை பறித்துக் கொடுத்திருக்கிறேன். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டபோது, "தொப்ப கொறையுது பாரு" என்று அண்ணியிடம் வீம்பாகக் காட்டினார். நாங்களும் சிரித்தோம்.

ஒரு நாள் மதியம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியவரால் சீட்டைவிட்டு இறங்க முடியவில்லை. கண்டக்டர் ஆட்டோவில் வைத்து எங்கள் தெரு டாக்டரிடம் கொண்டுபோனார். அண்ணியும் நானும் ஓடினோம். டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அங்கே சிவப்பே இல்லை, சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எவ்வளவு நாளாக இரத்தம் போகிறது என்று கேட்டார். "அது ஒரு ஆறேழு வருசமா வுட்டு வுட்டு போவுது சார்" என்றார் அண்ணன், சாதாரணமாக. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அண்ணன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு, மூலமாகவும் இருக்கலாம், ஆனால் உள்ளே பார்க்காமல் சொல்ல முடியாது, சிதம்பரத்தில் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லி எழுதித் தருகிறேன் என்றார்.

குழாய் என்ற சொல்லே எங்களைப் பாதி கொன்றுவிட்டது. எந்த வழியாக விடுவார்கள் என்று தெரிந்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் நாள் கீரை, காய், பழம் எதுவும் கூடாது, வெறும் வெள்ளைச் சோறும் மோரும்தான். மாலையிலிருந்து அதுவும் இல்லை. ஒரு மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடிக்க வேண்டும். குடித்துவிட்டு பஸ்ஸில் போக முடியுமா? அதனால் மதியமே சிதம்பரம் போய், அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்குகிற லாட்ஜில் அறை எடுத்தோம். உப்பும் எலுமிச்சையும் கலந்த அந்தத் தண்ணீரை டம்ளர் டம்ளராக அண்ணி ஊற்றிக் கொடுக்க, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அரை மணி நேரத்தில் ஆரம்பித்தது. ஓடுவார், வந்து உட்காருவார், மறுபடி ஓடுவார். "சர்வீஸ்ல அடக்குனதுக்கெல்லாம் சேத்து வெச்சி இன்னிக்கி கணக்கு தீக்குது" என்றார். அண்ணி புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். வெறும் தண்ணீராக, மஞ்சளாகப் போகிற வரை குடிப்பதை விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எப்படிப் போகிறது என்று அண்ணி கதவுக்கு வெளியே நின்று கேட்டபடியே இருந்தார்.

மறுநாள் காலை, பின்பக்கம் திறந்திருக்கும் பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். அண்ணன் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டால் தூங்கிவிடுவீர்கள், ஒன்றும் தெரியாது என்று நர்ஸ் ஆறுதலாகச் சொன்னதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. "தூங்காம செய்ய முடியாதாம்மா? கண்ண மூடிப் பழக்கமில்ல" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐம்பது அறுபது பேரின் உயிரைத் தன் கண்ணில் வைத்து ஓட்டியவர், தன் உயிரை இன்னொருவர் கையில் விட்டுவிட்டுக் கண்ணை மூட பயந்தார். உள்ளே போனவர் அரை மணிக்கும் குறைவான நேரத்தில் வெளியே வந்தார். "முடிஞ்சிதா? ஒண்ணுமே தெரியல பாப்பா. இதுக்கா இத்தினி நாளு பயந்தேன்" என்றார். வயிற்றில் காற்று நிரம்பி உப்பியிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சோதனையில் வலி இல்லை. வலியெல்லாம் டாக்டர் எங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டதில் இருந்தது.

திரையில் ஒரு படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்பான குடல் பாதையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, காலிஃபிளவர் பூவைப் போல ஒரு கட்டி இருந்தது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடும் என்று அண்ணி நினைத்தார். போன் அடித்தால் நான் எடுக்கவே மாட்டேன். அண்ணன் மட்டும் ஈரத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, எப்போது டூட்டிக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிவு வந்தபோது அண்ணி அதைப் பிரிக்கவே இல்லை. டாக்டர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

கட்டியோடு குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். தையல் ஆறும் வரை வயிற்றில் ஒரு வழி வைத்து, அதில் ஒரு பை மாட்டினார்கள். முதல் சில நாள் அண்ணன் அதை யாரையும் பார்க்க விடவில்லை. கொஞ்ச நாளில் அவரே அதைக் கழுவி மாட்டப் பழகிக்கொண்டார். "இனிமே பஸ் ஸ்டாண்டு கக்கூஸ தேடி அலைய வேணாம், கூடவே இருக்குது" என்று பார்க்க வந்த டிரைவர்களிடம் சொன்னார். அவர்களால் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. சில மாதம் கழித்துப் பையை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றிக்கொண்டு இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் அது கல்லீரலில் தலைகாட்டியது. அதற்குப் பிறகு அண்ணன் அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த அன்றே டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு முறை இதே சோதனை செய்துகொள்ள வேண்டும், இது சில குடும்பங்களில் வரும் என்றார். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான், பிள்ளை என்று மகன் ஒருவன்தான். அன்றிலிருந்து என் வயிறு என்னுடையதாக இல்லை. குடல் கொஞ்சம் புரண்டாலும் அதுதானோ என்று தோன்றும். கழிப்பறையில் தினமும் பயந்து பயந்து குனிந்து பார்ப்பேன். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் காலை அது மறந்துபோய், சிவப்பைப் பார்த்து மயக்கமே வந்துவிட்டது. ஆனால் சோதனைக்கு மட்டும் போகவில்லை. தெரியாமல் இருக்கிற வரை இல்லை என்று ஒரு நம்பிக்கை. படுத்த படுக்கையாக இருந்த அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாப்பா, போய் பாத்துக்கிட்டியா?" என்று கேட்பார். போகிறேன் என்பேன். "நீ போவ மாட்ட. நான் தெகிரியமா இருந்து கெட்டேன், நீ பயந்து கெடாத" என்றார் ஒரு நாள்.

போன மாதம் அண்ணிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்கவே இல்லை. அவராகவே தேதி வாங்கிவிட்டு, "நாளைக்கி கீர ஆக்காத, வெறும் சோறுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதே தூள், அதே எலுமிச்சை உப்பு, அதே ஓட்டம். இந்த முறையும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தது அண்ணிதான். மேசையில் இடது பக்கமாகப் படுத்து முழங்காலை நெஞ்சோடு மடக்கச் சொன்னார்கள். எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்ததுதான் கடைசி நினைவு. கண் விழித்தபோது அண்ணி என் காலைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தார்.

டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்டதுமே என் கதை முடிந்தது என்று நினைத்தேன். திரையில் வழவழப்பான சிவப்புச் சுவர். அதில் ஓரிடத்தில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சின்னச் சதை மொட்டு. இது இருந்தது, சோதனையின்போதே எடுத்துவிட்டோம், பார்க்க சாதாரணமாகத்தான் தெரிகிறது, எதற்கும் அனுப்பியிருக்கிறோம், மூன்று வருடம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார். நான் மூச்சு விட்டேன். அண்ணி விடவில்லை. அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அவருக்கு வந்தது, அதுவும் மொதல்ல இத்தினியூண்டுதான் இருந்திருக்குமா?"

"பெரும்பாலும் இப்படித்தாம்மா ஆரம்பிக்கும். பெருசாவ பல வருஷம் எடுக்கும்."

"அப்பவே பாத்திருந்தா?"

டாக்டர் திரையை அணைத்தார். "இதே மாதிரி எடுத்திருப்போம். சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பாரு" என்றார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். கடலூரிலிருந்து ஒரு தனியார் பஸ் வந்து எங்களுக்கு எதிர்ப்புறம் நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டி, ஆஸ்பத்திரி இறங்குகிறவர்களை இறங்கச் சொன்னார். ஒரு கிழவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அவர் ஓரமாகப் போகும் வரை டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். "உங்க அண்ணனும் இங்கதான் நிறுத்துவாரு" என்றார் அண்ணி. "தெனம் மூணு நட. நோயாளிங்கள எறக்கி வுட்டுட்டு, பாத்து போங்கன்னுட்டு வண்டிய எடுப்பாரு." மேசையில் படுத்திருந்தபோது வந்ததைவிடப் பெரிய பயம், சாதாரணமாகத்தான் தெரிகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்த வாசலில் நிற்கும்போது வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் தினமும் வண்டியை நிறுத்திய இடத்துக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரிக் கதவு இருந்திருக்கிறது, தினமும் திறந்தே இருந்திருக்கிறது.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். சென்னையில் வேலையில் இருக்கும் மகனைக் கூப்பிட்டார். "தம்பி, சனிக்கெழம லீவு போட்டுட்டு வா. ஒடம்பு நல்லாத்தான் கீதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் வர சொல்றேன்" என்றார்.