கிரேன் அக்காவின் தட்டு

மகன் கடித்து வைத்த ரொட்டித் துண்டு வாய்க்குள் போயாயிற்று. மகள் மஞ்சள் கருவை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு அம்போவென்று விட்ட முட்டை வெள்ளை அடுத்தது. டம்ளரின் அடியில் கிடந்த பாலையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, நின்ற நிலையிலேயே பாத்திரம் துலக்க ஆரம்பிப்பாள் கிரேன் அக்கா. இதில் எதுவுமே அவள் கணக்கில் சாப்பாடு கிடையாது.

பார்சல் கிடங்கில் வேலை. இரண்டு ஆண்கள் முக்கி முனகித் தூக்கும் பெட்டியை ஒற்றை ஆளாக நகர்த்தியதால் வந்த பெயர் அது. பெட்டியைத் தூக்கும்போதே எடையைச் சொல்லிவிடுவாள். தராசு பிறகு வந்து ஆமாம் போடும். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் வந்த முதுகுவலிக்காக ஜிம்முக்குள் நுழைந்தவள், இப்போது வலுதூக்கும் போட்டிக்காரி. தரையில் கிடக்கும், எடை மாட்டிய கம்பியை இழுத்து நிமிர்ந்தாள் என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பயிற்சியை மறந்துவிட்டு வாயைப் பிளந்து நிற்பார்கள்.

இவ்வளவு இருந்தும் போன வருடம் கோட்டை விட்டாள். அவளுடைய எடைப்பிரிவுக்கு உடம்பு கொஞ்சம் கூடிப்போய், மேல்பிரிவின் மலைகளோடு மோதி வெறுங்கையோடு திரும்பினாள். இந்த வருடம் தன் பிரிவில் ஜெயித்தால் தேசிய அணியில் இடம். அதற்காக அளந்த சோறு, அவித்த பயறு, காய் என்று வாயைக் கட்டினாள். தராசு அசையவில்லை. பயந்துபோய்ச் சோற்றை இன்னும் குறைத்தாள். குறைந்தது எடையல்ல, பலம்தான். விளையாட்டாகத் தூக்கிய எடைகூடத் தரையை விட்டு எழ மறுத்தது. பயிற்சி தரும் மாஸ்டர், தானும் ஒரு காலத்தில் மேடை ஏறிய அம்மாள், தலையைப் பிய்த்துக்கொண்டார்.

கடைசியில் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் அக்காவின் கை தன் போக்கில் தட்டுகளுக்குப் போனதைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார்.

"இதெல்லாம் சாப்பாடு இல்ல மாஸ்டர். புள்ளைங்க வச்சது. கீழ கொட்ட மனசு வருமா?"

பஸ் ஓட்டும் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவள் காற்றைக் குடித்து வாழ்கிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"இனிமே நின்னுக்கிட்டு ஒரு பருக்கைகூட வாயில போடக் கூடாது. எதுவானாலும் உக்காந்து, சாப்பாடுன்னு தெரிஞ்சு சாப்பிடு. உன் தட்டுல எதையும் குறைக்காதே."

கம்பியைத் தூக்குவதைவிட இது கஷ்டமாக இருந்தது. கை பழைய ஞாபகத்தில் நீளும். உடனே சின்னவள், "அப்பா, அம்மா நின்னுக்கிட்டே திங்கிறாங்க" என்று வீடு அதிரப் போட்டுக் கொடுப்பாள். கணவர் பாத்திரம் துலக்கும் வேலையைப் பறித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போட்டார்கள். மிச்சமே இல்லாமல் போனது. அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் வயிற்றுக்கு என்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். என்ன ஆச்சரியம், உடம்பு இறங்கியது, பலம் ஏறியது. கம்பி மறுபடி அவள் பேச்சைக் கேட்டது.

போட்டியன்று தராசில் ஏறுமுன், எவ்வளவு இருப்பாய் என்று மாஸ்டர் மெல்லக் கேட்டார். "என்னையே தூக்கிப் பார்த்தாத்தான சொல்ல முடியும்" என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினாள். நடுவர் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். அவள் பிரிவுதான். அக்கா அந்தத் தராசைக் கட்டிக்கொள்ளாத குறை.

மற்றதைக் கம்பி பார்த்துக்கொண்டது. கடைசித் தூக்கில் அது வளைந்தது, முழங்காலருகே ஒரு கணம் முரண்டு பிடித்தது, பிறகு இடுப்புவரை வந்து நின்றது. மூன்று நடுவர்களும் செல்லும் என்று வெள்ளை விளக்கைப் போட்டார்கள். தேசிய அணி. கணவர் விசிலடித்தார், மாஸ்டர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

மேடையை விட்டு இறங்கியவளை நோக்கிச் சின்னவள் ஓடி வந்தாள். தான் கடித்த வாழைப்பழத்தின் மீதியை நசுங்க நசுங்கப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஆ" என்றாள்.

மாஸ்டர் நாற்காலியிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புப் பட்டையும் கையில் சுண்ணாம்புத் தூளுமாக, கிரேன் அக்கா அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.