தட்டைப் பார்க்க வந்தவர்கள்

ஹௌசாபாய் மானே லிஃப்டில் ஏறமாட்டார். அதற்காகக் காத்து நின்றால் காலில் வேர் விட்டுவிடும் என்பார். இரண்டாம் மாடி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அடித்தளத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு எழுபத்திரண்டு படி. திரவ நைட்ரஜன் குடுவையை ஒரு கையிலும் சேலைக் கொசுவத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் இறங்கிவிடுவார்.

மகாராஷ்டிரத்து மிராஜில் ஆஸ்பத்திரி ஆயாக்கள் எல்லாருக்குமே மாவ்ஷி, அதாவது சின்னம்மா, என்றுதான் பெயர். எங்களுக்கு அவர் ஹௌசா மாவ்ஷி. வயது நாற்பத்தெட்டு, படிப்பு ஏழாவது. பக்கத்தில் ஒரு கரும்புக் கிராமத்தில் பிறந்து, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, முப்பத்தொன்பது வயதில் அவரை வாய்ப்புற்றுக்குக் கொடுத்தவர். கணவர் இறந்த அதே ஆஸ்பத்திரியில்தான் தரை துடைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். ஏன் இங்கேயே என்று கேட்டவர்களிடம், வேறு எங்கும் யாரையும் தெரியாது, இங்கே எல்லாரையும் தெரியும் என்று சொன்னாராம்.

ஆய்வகத்துக்கு அவர் வந்தது கத்தலுக்குப் பயப்படாததால். வெட்டியெடுத்த கட்டியிலிருந்து அரிசி மணி அளவு ஒரு துண்டு வாங்கி, குடுவையில் போட்டு, கீழே கொண்டுவர ஓர் ஆள் வேண்டியிருந்தது. பட்டதாரிப் பிள்ளைகள் நான்கு பேரை அனுப்பிப் பார்த்தோம். சர்ஜன்கள் ஒரு சத்தம் போட்டதும் நாலு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மாவ்ஷியை அனுப்பினோம். அவர் சத்தம் ஓயும்வரை நின்று, துண்டை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அந்தத் துண்டில் நாங்கள் தேடியது ஒரு குறியை. செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. வளரச் சொல்லி வெளியிலிருந்து சேதி வந்தால், ஏற்பியின் உள்பக்கத்தில் பாஸ்பேட் குறி ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டு அடுத்த புரதம் விழிக்கும், அதைக் கண்டு அதற்கடுத்தது என்று சேதி கைமாறி உட்கரு வரை போகும். செல் இரண்டாகப் பிரியும். வேலை முடிந்ததும் குறியைப் பிய்த்துப் போடவென்றே வேறு புரதங்கள் உண்டு. வாய்ப்புற்று வந்த பலருக்கு இந்த ஏற்பி ஓய்வதில்லை. யாரும் கூப்பிடாமலே உள்ளே சேதி போய்க்கொண்டிருக்கும், செல்களும் பெருகிக்கொண்டிருக்கும். எங்கள் தலைவர் டாக்டர் மேதா கர்மர்க்கர் இதை ஒருநாள் மாவ்ஷிக்கு விளக்கினார். வாசல் மணியின் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்ட மாதிரி, வெளியே ஆளே இல்லை, வீட்டிலிருப்பவர்கள் ஓடி ஓடிக் கதவைத் திறக்கிறார்கள் என்று மாவ்ஷி சொன்னார். மேடம் அடுத்த மாதம் புனேயில் நடந்த கூட்டத்தில் இதையே தன் சொந்தச் சரக்குபோல எடுத்துவிட்டார்.

மூன்று வருடத்தில் முப்பத்தொரு நோயாளிகள். இருபது பேரின் கட்டியில் குறி பளிச்சென்று தெரிந்தது. பதினோரு பேரிடம் சுத்தமாக இல்லை. அந்த ஏற்பியின் வாயை அடைக்கிற மாத்திரை ஒன்று சோதனைக்கு வந்திருந்தது, ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு நோய் திரும்பாமல் தடுக்கப் பார்ப்பதற்கு. குறி இல்லாதவர்களுக்கு நோய் வேறு வழியில் நடக்கிறது, மாத்திரையால் பயனில்லை, இது இரண்டு வகைப் புற்று என்று மேடம் முடிவு கட்டினார். பதினோரு பேருக்கும், இந்த மாத்திரை உங்களுக்கானதல்ல என்று கடிதம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடிப் பட்டியலை உறுதிசெய்யவேண்டியதுதான் பாக்கி.

மேடம் கவனமானவர். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, அந்தப் பதினொன்றும் குறி அழியும் அளவுக்குத் தாமதமாக வந்த துண்டுகளாக இருக்குமோ என்று கேட்டார். துண்டுகளைக் கரைத்துச் சோதிப்பவன் நான். யோசித்துப் பதில் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் பழியை இறக்கிவைக்க ஒரு தோள் கிடைத்தால் யார் யோசிக்கிறார்கள்? அது மாவ்ஷியின் வேலை, அவரைத்தான் விசாரிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

எல்லார் முன்னிலையிலும் விசாரித்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். மேடமும் மாணவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, இந்தத் துண்டுகளை எந்தப் படியில் வைத்துவிட்டு வம்பளந்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். மாவ்ஷி குடுவையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அந்தப் பேருங்களப் படிங்க, லிமயே சார்."

நாம்தேவ் கோர்படே என்றேன். டெம்போவில் பதினேழு பேர் வந்தார்கள் என்றார் மாவ்ஷி. ரஹிமத்பீ முல்லா. அஞ்சு மகன், அஞ்சு மருமகள், சம்பந்தி வீட்டுக்காரர்கள். சிவ்லிங் மாளி. பாதி ஊரே வந்தது, கேண்டீனில் அவல் போஹா தீர்ந்துபோனது அன்றைக்குத்தான். நான் பெயர் சொல்லச் சொல்ல அவர் தலைகளை எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினோராவது பெயர் வரும்போது என் குரல் இறங்கிவிட்டது.

"இப்போ குறி இருக்குறவங்களப் படிங்க."

ஜத்திலிருந்து தனியாக பஸ் ஏறி வந்த தையல்காரர். தர்காவில் படுத்துக் கிடந்தவர். ஒரே மகளோடு வந்த ரிட்டயர்டு வாத்தியார். இருபது பேரில் ஒருவருக்குக்கூட மூன்று பேருக்கு மேல் துணை இல்லை.

பிறகு மாவ்ஷி தட்டைப் பற்றிச் சொன்னார். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெட்டியெடுத்த கட்டியை ஸ்டீல் தட்டில் வைத்து, தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்து, சொந்தக்காரர்களுக்குக் காட்டுவார்கள். காட்டாவிட்டால் வெட்டியதாகவே யாரும் நம்பமாட்டார்கள். வந்த எல்லாரும் பார்த்தாகவேண்டும். ஒருவர் டீக்கடையில் இருப்பார், இன்னொருவர் தர்காவுக்குப் போயிருப்பார், ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். அதுவரை தட்டு காத்திருக்கும்.

"தட்டு உள்ள திரும்பி வந்தப்புறம்தான் எனக்கு அரிசி மணி குடுப்பாங்க. என் காலுக்கு ரெண்டு நிமிஷம். தட்டுக்கு முக்கா மணி நேரம். எங்க வீட்டுக்காரரோடதக் காட்டினப்போ வாசல்ல நான் ஒருத்திதான். வேற யாரும் இருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். ஒரு நிமிஷத்துல உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. யாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

ரத்தம் நின்ற திசுவில் புதுக் குறி ஒட்டுவதற்குச் சக்தி இருக்காது, ஆனால் பிய்க்கிற புரதங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். இது முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். மூன்று வருடமாக நாங்கள் அளந்தது நோயை அல்ல, குடும்பத்தின் அளவை. அதற்கு இரண்டு வகைப் புற்று என்று பெயரும் வைத்துவிட்டோம்.

மேடம் பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். தற்செயலாகவும் இருக்கலாம், கமிட்டிக்கு ஆதாரம் வேண்டும் என்றார். மறுநாளே தருகிறேன் என்றார் மாவ்ஷி. ஒரே கட்டியிலிருந்து இரண்டு அரிசி மணி, ஒன்று தட்டு வெளியே போவதற்கு முன், ஒன்று திரும்பி வந்த பின். அவ்வளவுதானே என்று கேட்டார். நாங்கள் மூன்று வருடமாக யோசிக்காத சோதனை அது.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் தோண்டிராம் கோலிக்கு. தாஸ்காவில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர். கூட வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். சர்ஜன் இனாம்தார் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் மாவ்ஷி கேட்டதும் மறுத்துவிட்டார். கட்டியை முழுசாகக் காட்டவேண்டும், ஓர் ஓரம் குறைந்திருந்தால் யார் எடுத்தது, யாருக்கு விற்றீர்கள் என்று கேட்பார்கள், போன வருடம் வரவேற்பறைக் கண்ணாடி உடைந்தது மறந்துபோயிற்றா என்றார்.

"அவங்களே சரின்னு சொன்னா?"

"இருவத்திரண்டு பேரா? சரின்னா? அப்படி நடந்துட்டா நீ ரெண்டு என்ன, நாலு எடுத்துக்கோ."

மாவ்ஷி நேராக வராந்தாவுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன், உதவிக்கு என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் வேடிக்கை பார்க்க. அவர்கள் பாக்ரி ரொட்டி மூட்டையை அவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாவ்ஷியும் தரையில் உட்கார்ந்துகொண்டார். தோண்டிராமின் அண்ணன் கண்பத்துக்கு முதல் வார்த்தையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் பார்க்காமல் ஒரு துணுக்குகூட நகரக்கூடாது என்றார்.

"அண்ணா, உங்க தம்பி வாய்ல இருக்கறது ஓயாமப் பேசிக்கிட்டிருக்கு. என்ன பேசுதுன்னு தெரிஞ்சாத்தான் அதோட வாய அடைக்க முடியும். வெட்டி வெளிய வச்சா அரை மணி நேரத்துல ஊமையாயிடும். நீங்க எல்லாரும் பாத்து முடிக்கிறதுக்குள்ள அதுகிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

"எங்களுக்குக் காட்டாம இருக்கறதுக்குப் புதுசா ஒரு கதையா?"

"காட்டாம எங்க போறேன்? நானே தட்டக் கொண்டாரேன். அரிசி மணி எந்த எடத்துல எடுத்தேன்னும் காட்டுறேன். பொறுமையாப் பாருங்க, யாரும் தொரத்த மாட்டாங்க."

இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. கண்பத் எழுந்து போய்ப் புகையிலையை அடக்கிக்கொண்டு வந்தார். தம்பி உள்ளே எதற்காகப் படுத்திருக்கிறான் என்று தெரிந்துமா இது, போய்த் துப்பிவிட்டு வந்து பேசுங்கள் என்றார் மாவ்ஷி. ஒரு சித்தப்பா கோர்ட்டுக்குப் போவேன் என்றார். மாவ்ஷி நகரவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கேட்ட கேள்வியையே கேட்டவருக்கும் புதிதாகப் பதில் சொன்னார். கடைசியில் அதுவரை பேசாமல் இருந்த தோண்டிராமின் மனைவி மாலன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவருக்கு ஒண்ணுன்னா நீங்க எல்லாரும் டெம்போ ஏறி ஊருக்குப் போயிடுவீங்க. இருக்கப்போறது நான். எடுத்துக்கோ, மாவ்ஷி."

பதினொன்று பத்துக்கு முதல் அரிசி மணி குடுவைக்குள் விழுந்தது. பிறகு தட்டு வெளியே போனது. இருபத்திரண்டு பேரும் பார்த்தார்கள். ஓர் அத்தைக்கு மயக்கம் வந்து தண்ணீர் தெளிக்கவேண்டியிருந்தது. கண்பத் இரண்டு தடவை பார்த்தார். இரண்டாவது அரிசி மணி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு.

வியாழக்கிழமை மாலை முடிவு வந்தது. படத்தில் முதல் அரிசி மணியின் தடத்தில் குறி கன்னங்கரேலென்று ஒரு பட்டையாக இருந்தது. பக்கத்துத் தடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரே ஆள், ஒரே கட்டி, இடையில் நாற்பத்திரண்டு நிமிடம். எனக்கு வெட்கமாக இருந்தது. மாவ்ஷியிடம் போய், எல்லார் முன்னாலும் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்போ அந்தப் பதினோரு பேர், சார்?"

வெள்ளிக்கிழமை மேடம் தானே எழுந்து கமிட்டியிடம் சொன்னார். மூன்று வருட உழைப்பைத் தன் கையாலேயே கவிழ்ப்பது லேசான காரியமில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். கண்டுபிடித்தது யார் என்று கேட்டபோதும் மழுப்பாமல் பெயரைச் சொன்னார். குறியை வைத்துப் பிரிப்பதைக் கைவிட்டு, பட்டியலை ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். குறிதான் அழியும், ஏற்பி அவ்வளவு சீக்கிரம் அழியாது. உறைவிப்பானில் இருந்த பழைய துண்டுகளை எடுத்து ஏற்பிகளை அளந்தேன். பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு அவை குவிந்து கிடந்தன. இரண்டு பேருக்கு உண்மையிலேயே இல்லை. அந்த இருவர் வீட்டுக்கும் மாவ்ஷி ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கடிதத்தில் சொல்கிற விஷயமா அது என்று என்னிடம் கேட்டார். இப்போது எல்லாத் தியேட்டரிலும் அரிசி மணிக்குப் பிறகுதான் தட்டு. இனாம்தார் அதைத் தன் யோசனை என்று வெளியில் சொல்லிக்கொள்கிறார், சொல்லட்டும்.

ஒன்பது பேருக்கும் என் மேஜையிலிருந்து போன் செய்தோம். எண்ணை நான் போட்டேன், மாவ்ஷி ரிசீவரை எனக்கும் கேட்கும்படி சாய்த்துப் பிடித்துப் பேசினார். ஆறாவதாக நாம்தேவ் கோர்படே வீடு. மனைவி காசி எடுத்தாள். கடிதம் தவறு, மாத்திரை உண்டு என்பதை மாவ்ஷி சொல்லி, ஏன் தவறு நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். காசி கேட்டாள்.

"அப்போ நாங்க அத்தன பேரும் வந்து நின்னதாலதான் அவரு பேரு விட்டுப்போச்சா, மாவ்ஷி? நாங்க வந்தது தப்பா?"

நான் பாஸ்பேட், ரத்த ஓட்டம் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். மாவ்ஷி ரிசீவரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வந்தது தப்பில்ல, தாயி. ஒரு மனுஷனுக்குப் பதினேழு பேர் வந்தா அதுல என்ன தப்பு? நீங்க பாக்குறதுக்கு முன்னாடி எங்க வேலைய நாங்க முடிச்சிருக்கணும், முடிக்கல. தப்பு எங்களோடது. புதன்கிழமை அவரக் கூட்டிட்டு வா. அந்தப் பதினேழு பேரும் வரட்டும்."